ஒரு டம்ளர் தண்ணீர் சொல்லும் சாட்சி
(காய்கறிப் பயிரைக் கொல்லும் பாக்டீரியா வாடல் நோய்: கண்டுபிடிப்பதும் தடம் பார்ப்பதும்)

- இரண்டாம் ஆண்டு சிவில் மாணவி



"சிவில் படிக்கிற பிள்ளைக்குத் தக்காளிச் செடியோடு என்ன வேலை?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நியாயமான கேள்விதான். ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது அணைக்கட்டு பற்றியோ கான்கிரீட் பற்றியோதான் எழுத நினைத்தேன். ஆனால் இந்த வருடம் எங்கள் வீட்டில் நடந்த ஒரு விஷயம் வேறு எதையும் எழுத விடவில்லை. நம்மில் பாதிப் பேர் வீட்டில் காடோ தோட்டமோ இருக்கிறது. இல்லாதவர்கள் வீட்டிலும் அப்பாவோ அம்மாவோ யாராவது ஒருவர் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போகிறார்கள். எனவே இது எல்லோருக்கும் பயன்படும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

எங்கள் காட்டில் நடந்தது

எங்கள் ஊர் உத்தமபாளையம் பக்கம். கிணற்றுப் பாசனத்தில் 50 சென்ட் நிலம். சித்திரையில் தக்காளி நட்டோம். சுமார் ஆறாயிரம் நாற்று. நாற்பது நாளில் செடி நன்றாகக் கிளைத்துப் பூ வைத்துவிட்டது. இடையில் இரண்டு நல்ல கோடை மழையும் பெய்தது. இந்த முறை தப்பித்துவிடலாம் என்று அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். என்னுடைய அடுத்த செமஸ்டர் ஃபீஸை அந்தத் தக்காளியை நம்பித்தான் கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

ஒரு நாள் மத்தியானம் வாய்க்கால் தலைப்பில் சில செடிகள் தலை தொங்கின. "வெயில் தாக்கிருச்சு, சாயங்காலம் நிமிந்துரும்" என்றார் அப்பா. சொன்னது போலவே சாயங்காலம் நிமிர்ந்தன. மறுநாள் மத்தியானம் மறுபடி தொங்கின. மூன்றாம் நாள் நிமிரவே இல்லை. இலை பச்சையாகவே இருக்கிறது, ஆனால் செடி செத்துவிட்டது! வெந்நீர் ஊற்றியது போலத் துவண்டு கிடந்தது.

முதலில் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து கூடுதலாகப் பாய்ச்சினோம். வாடல் கூடியது. பிறகு மருந்துக்கடையில் சொல்லி ஒரு பவுடர் வாங்கி வந்து வேரில் ஊற்றினோம். நிற்கவில்லை. இரண்டாவது முறை வேறு மருந்து. அதற்கும் நிற்கவில்லை. இரண்டு முறைக்கும் சேர்த்து 3,800 ரூபாய் போயிற்று.

இதில் நான் மறைக்கக் கூடாத ஒன்று உண்டு. முதல் பாக்கெட்டைக் கொண்டுவந்து அப்பா என்னிடம்தான் கொடுத்தார். "தாயி, என்ன போட்டுருக்குன்னு படிச்சுச் சொல்லு" என்றார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பு தாண்டியவள் நான் ஒருத்திதான். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். நான் லிட்டருக்கு எத்தனை கிராம் என்று மட்டும் படித்துச் சொன்னேன். அதற்கு மேலே "பூஞ்சாணக்கொல்லி" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. எங்கள் செடியைக் கொன்றது பூஞ்சாணம்தானா என்று நானும் கேட்கவில்லை, யாரும் கேட்கவில்லை. படித்தவள் அளவை மட்டும் படித்தேன், பெயரைப் படிக்கவில்லை. இந்தக் கட்டுரை அந்தத் தவறுக்கு நான் செய்கிற பரிகாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாடல் என்பது ஒரு நோய் அல்ல

"வாடல்" என்பது காய்ச்சல் மாதிரி. டைபாய்டுக்கும் காய்ச்சல் வரும், மலேரியாவுக்கும் காய்ச்சல் வரும். காய்ச்சல் என்று சொன்னால் போதுமா? எதனால் என்று தெரிந்தால்தானே மாத்திரை! செடி வாடுவதற்கும் அப்படிப் பல காரணங்கள் உண்டு.

1. தண்ணீர் போதாமை. இதில் காடு முழுக்க ஒரே சீராக வாடும். பாய்ச்சினால் நிமிர்ந்துவிடும்.

2. தண்ணீர் தேங்குதல். வேர் மூச்சு விட முடியாமல் அழுகும். பள்ளமான இடத்தில் மட்டும் வாடும்.

3. நூற்புழு. செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேரில் முடிச்சு முடிச்சாக இருக்கும். செடி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நலியும்.

4. ஃபுசேரியம் என்னும் பூஞ்சாண வாடல். அடி இலைகள் முதலில் மஞ்சளாகும். சில நேரம் செடியின் ஒரு பக்கம் மட்டும் மஞ்சளாகும். நோய் மெதுவாக மேலே ஏறும்.

5. பாக்டீரியா வாடல். கொழுந்து இலைகள் முதலில் தொங்கும். மஞ்சள் ஆவதற்குக்கூட நேரம் இல்லாமல் பச்சையாகவே சில நாட்களில் செடி சாகும்.

நம் பள்ளத்தாக்கில் வாழை போட்டவர்களுக்கு நான்காவது ஆள் நன்றாகத் தெரியும். ஜி-9 என்று நாம் சொல்கிற கிராண்ட் நைன் வாழையைத் தேனி மாவட்டத்தில் தாக்கிய பனாமா வாடல் நோய் ஃபுசேரியம் பூஞ்சாணம்தான். திருச்சியில் உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையத்து விஞ்ஞானிகள் அதை ஆராய்ந்து பதிவு செய்திருக்கிறார்கள். வாழையில் பார்த்துப் பழகிய கண்ணோடு தக்காளியையும் பார்த்ததால்தான் "இதுவும் அதுதான்" என்று எங்கள் ஊரில் எல்லோரும் நினைத்துவிட்டார்கள். பெயர் ஒன்று, ஆள் வேறு!

யார் இந்த ஆள்?

இந்தப் பாக்டீரியாவின் பெயர் ரால்ஸ்டோனியா சொலனேசியாரம். வாயில் நுழையவில்லை என்றால் "கத்தரிக் குடும்பத்துக் கிருமி" என்று வைத்துக்கொள்ளலாம். கத்தரி, தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு எல்லாம் சொலனேசியே என்ற ஒரே குடும்பம். அந்தக் குடும்பப் பெயர்தான் கிருமிக்கும் வைக்கப்பட்டது. ஆனால் அந்தக் குடும்பத்தோடு அது நின்றுவிடவில்லை. 50-க்கு மேற்பட்ட தாவரக் குடும்பங்களில் 200-க்கும் அதிகமான செடிகளை இது தாக்குகிறது. குமுளி தாண்டி மலைக்கு அந்தப் பக்கம் போனால் இஞ்சித் தோட்டங்களிலும் இந்த வகைக் கிருமிதான் பெரிய தலைவலி.

1896-இல் அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த எர்வின் ஸ்மித் என்ற விஞ்ஞானி, தக்காளி, கத்தரி, உருளைக்கிழங்கு மூன்றையும் வாட வைப்பது ஒரு பாக்டீரியாதான் என்று விளக்கினார். அந்தக் காலத்தில் செடிக்குப் பாக்டீரியாவால் நோய் வரும் என்பதையே பலர் நம்பவில்லை. ஜெர்மனியைச் சேர்ந்த ஆல்ஃபிரெட் ஃபிஷர் என்ற பேராசிரியர் அப்படி வரவே வராது என்று எழுத, ஸ்மித் பதில் எழுத, சில ஆண்டுகள் இருவருக்கும் எழுத்திலேயே சண்டை நடந்தது. கடைசியில் ஸ்மித் சொன்னதுதான் நின்றது. பழைய பாடப் புத்தகங்களில் இந்தக் கிருமிக்கு சூடோமோனாஸ் என்ற பெயர் இருக்கும். 1995-இல்தான் ரால்ஸ்டோனியா என்று மாற்றினார்கள். 2014-க்குப் பிறகு இதையே மூன்று இனங்களாகப் பிரித்துவிட்டார்கள். பெயர் எத்தனை மாறினாலும் செய்கிற வேலை மாறவில்லை.

செடிக்குள் என்ன நடக்கிறது?

இந்த இடம் சிவில் மாணவர்களுக்கு சுலபமாகப் புரியும். செடியின் தண்டுக்குள் சைலம் என்ற மெல்லிய குழாய்கள் இருக்கின்றன. வேரிலிருந்து தண்ணீரை இலைக்கு ஏற்றுவது அவைதான். ஒரு வீட்டின் தண்ணீர் பைப் லைன் மாதிரி.

களை வெட்டும்போதோ, மண் அணைக்கும்போதோ, நூற்புழு கடித்தோ வேரில் சின்னக் காயம் ஏற்படும். புது வேர் கிளைக்கிற இடத்திலும் இயற்கையாகவே ஒரு வெடிப்பு இருக்கும். மண்ணில் இருக்கும் கிருமி அந்த வழியாக உள்ளே நுழைந்து சைலம் குழாய்க்குப் போய்ச் சேரும். அங்கே வேகமாகப் பெருகும். நோய் முற்றிய செடியின் ஒரு கிராம் தண்டில் பத்துக் கோடிக்கும் மேல் பாக்டீரியா இருக்கும்! இந்தக் கூட்டம் ஜவ்வு போன்ற பிசினைச் சுரக்கிறது. அந்தப் பிசின் குழாயை அடைத்துவிடுகிறது. பைப்பில் அடைப்பு ஏற்பட்டால் மோட்டாரை எத்தனை மணி நேரம் ஓட்டினாலும் மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறுமா? அதே கதைதான். நாங்கள் தண்ணீரைக் கூடுதலாகப் பாய்ச்சியும் செடி தாகத்தால் செத்தது இப்படித்தான்.

மண் சூடும் ஈரமும் இதற்கு மிகவும் பிடித்தவை. 25 முதல் 35 டிகிரி வெப்பமும் ஈர மண்ணும் கிடைத்தால் கொண்டாட்டம். கோடை மழைக்குப் பிறகு எங்கள் காடு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். நோய் வந்த தோட்டத்துக் காயைச் சாப்பிடுகிற மனிதருக்கு இது எந்த நோயும் தராது. பயப்பட வேண்டாம்.

டம்ளர் சோதனை

என்னோடு படிக்கும் தோழியின் அண்ணன் வேளாண்மை படிக்கிறார். தோழி மூலம் விஷயம் கேள்விப்பட்டு அவர் சொல்லி அனுப்பிய ஒரே வார்த்தை: "ஒரு கண்ணாடி டம்ளர் எடுத்துக்கச் சொல்லு." இந்தச் சோதனைக்கு லேப் வேண்டாம், பணமும் வேண்டாம். செய்முறை இதோ:

1. புதிதாக வாடிய செடியைத் தேர்ந்தெடுக்கவும். காய்ந்து போன செடி உதவாது.

2. தரையை ஒட்டிய அடித்தண்டிலிருந்து ஒரு விரல் நீளத் துண்டைச் சுத்தமான கத்தியால் வெட்டவும். வெட்டு வாயில் உள்வட்டம் பழுப்பாக இருக்கிறதா என்று பார்க்கவும்.

3. வெட்டிய இரண்டு முனைகளையும் ஒட்டிவைத்து மெதுவாகப் பிரித்தால் நூல் போல ஜவ்வு இழுபடும். இது முதல் அடையாளம்.

4. கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து, தண்டின் அடி முனை மட்டும் தண்ணீருக்குள் இருக்கும்படி தொங்கவிடவும். டம்ளரின் அடியைத் தொடக் கூடாது. ஒரு கிளிப்போ குச்சியோ வைத்துப் பிடிக்கலாம். தண்ணீரை ஆட்டக் கூடாது.

5. டம்ளருக்குப் பின்னால் கறுப்புத் துணி அல்லது கறுப்புக் காகிதம் வைத்துப் பார்க்கவும்.

பாக்டீரியா வாடல் என்றால் ஐந்து நிமிடத்துக்குள் வெட்டு வாயிலிருந்து பால் போன்ற வெள்ளை நூல் ஒன்று கீழ்நோக்கி இறங்கும். கொஞ்ச நேரத்தில் தண்ணீரே கலங்கிவிடும். பூஞ்சாண வாடல் என்றால் இந்த நூல் வராது. தண்ணீர் தெளிவாகவே இருக்கும்.

நாங்கள் இரண்டு டம்ளர் வைத்தோம். ஒன்றில் வாடிய செடி, இன்னொன்றில் நல்ல செடி. அப்பா, அம்மா, தம்பி எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருந்தோம். மூன்றாவது நிமிடம் வாடிய செடியிலிருந்து ஊதுபத்திப் புகை தலைகீழாக இறங்குவது போல வெள்ளையாக ஒரு இழை இறங்கியது. பக்கத்து டம்ளர் அப்படியே தெளிவாக இருந்தது. அம்மா மெதுவாகச் சொன்னார்: "அப்ப நாம ஊத்துனது பூராம் வீணா?" யாரும் பதில் சொல்லவில்லை.

சோதனை முடிந்ததும் ஒரு எச்சரிக்கை. அந்த டம்ளர் தண்ணீரைத் தோட்டத்தில் ஊற்றிவிடாதீர்கள்! அதில் கோடிக்கணக்கான கிருமி இருக்கிறது. கொதிக்க வைத்துக் கொட்டவும். கத்தியைத் தீயில் காட்டவும் அல்லது பிளீச்சிங் பவுடர் கரைசலில் நனைத்துக் கழுவவும்.

டம்ளர் சோதனை ஒரு முதல் சாட்சி. நோய் ஆரம்ப நிலையில் இருக்கும்போது கிருமி குறைவாக இருப்பதால் நூல் வராமலும் போகலாம். பார்வைக்கு நல்ல செடியாகவே நின்று கிருமியைச் சுமக்கும் செடிகளும் உண்டு. உறுதியாகத் தெரிய வேண்டுமானால் லேப் வேண்டும். அங்கே 1954-இல் கெல்மன் என்ற விஞ்ஞானி அறிமுகப்படுத்திய டெட்ராசோலியம் கலந்த ஊட்டத்தில் கிருமியை வளர்ப்பார்கள். நோய் தரும் கிருமி வெள்ளையாகப் பரவி நடுவில் இளஞ்சிவப்பாகத் தெரியும். இப்போது எலைசா, பி.சி.ஆர். போன்ற சோதனைகளும் இருக்கின்றன. பி.சி.ஆர். என்பது கொரோனா காலத்தில் நம் மூக்கில் குச்சி விட்டுச் செய்தார்களே, அதே முறைதான். நம் மாவட்டத்தில் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியும் காமாட்சிபுரம் வேளாண் அறிவியல் மையமும் இருக்கின்றன. செடியை வேரோடு பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துப் போய்க் காட்டி யோசனை கேட்கலாம்.

தடம் பார்த்தல்: நம் சர்வே பாடம் உதவிய கதை

ஆள் யார் என்று தெரிந்துவிட்டது. அடுத்த கேள்வி, எந்த வழியாக வந்தான்? எங்கே போகிறான்? வழி தெரிந்தால்தான் வழியை மறிக்க முடியும்.

அப்பாவுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. எங்கள் காட்டுக்குக் கீழே ஒரு மிளகாய்க் காடு இருக்கிறது. அந்தக் காட்டுப் பெரியப்பாவுக்கும் எங்களுக்கும் வாய்க்கால் மடை விஷயமாகச் சண்டை வந்து நான்கு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அவர் காட்டிலும் செடி வாட ஆரம்பித்திருந்தது. "அங்கருந்துதான் வந்துருக்கும்" என்று அப்பா நினைத்தார். அங்கே அவர்கள் எங்களைச் சொல்லியிருப்பார்கள்.

நான் சர்வே பிராக்டிகல் நோட்டைத் திறந்தேன். சங்கிலிக்குப் பதில் டேப் பிடித்து, வரப்பை அளந்து, கிராஃப் தாளில் காட்டின் பிளான் போட்டேன். ஒவ்வொரு பாருக்கும் ஒரு கோடு. பிறகு வாடிய செடிகளைக் குறித்தேன். முதல் வாரம் செத்தது சிவப்புப் புள்ளி, இரண்டாம் வாரம் நீலம், மூன்றாம் வாரம் பச்சை. எந்தச் செடி எப்போது வாடியது என்று அம்மாவுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்தது. அவர் சொல்லச் சொல்ல நான் புள்ளி வைத்தேன்.

அடுத்து மட்டம். டம்பி லெவலை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாதே! எங்கள் மாமா கொத்தனார். அவரிடம் கண்ணாடி மாதிரித் தெரியும் தண்ணீர் டியூப் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு பத்து இடத்தில் மட்டம் பார்த்தோம். தண்ணீர் எப்படி ஓடும் என்று பிளானில் அம்புக்குறி போட்டேன்.

போட்டு முடித்ததும் தாளே பேசியது. சிவப்புப் புள்ளிகள் எல்லாம் வாய்க்கால் தலைப்பு மூலையில். நீலப் புள்ளிகள் அங்கிருந்து தண்ணீர் ஓடும் பார்களில் மாலை கோத்தது போல வரிசையாக. பச்சை அதற்கும் கீழே, கீழ்க்காட்டு வரப்பு வரைக்கும். அம்புக்குறியும் புள்ளியும் ஒரே திசை. மேற்கே கொஞ்சம் மேடாக இருக்கும் 12 பார்களுக்குத் தண்ணீர் வேறு கிளை வழியாகப் போகிறது. அங்கே ஒரு புள்ளிகூட இல்லை!

அப்படியானால் வாய்க்கால் தலைப்பு மூலையில் என்ன இருந்தது? எனக்குத் தெரியவில்லை. அப்பாவுக்குத் தெரிந்தது. போன வருடம் அதே காட்டில் கத்தரி போட்டபோது கொஞ்சம் செடி இதே மாதிரி வாடியது. பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் பிடுங்கி அந்த மூலையில்தான் குவித்து வைத்தோம். மழை பெய்து, குவியல் மட்கி, அந்தத் தண்ணீர் வாய்க்காலில் இறங்கியிருக்கிறது. கத்தரிக்கு அடுத்து தக்காளி. அதே குடும்பம். விருந்தாளியை வரவேற்று உட்கார வைத்த மாதிரி ஆகிவிட்டது.

இந்த பிளான் கோர்ட்டில் நிற்கிற சாட்சி இல்லைதான். ஆனால் நோய் கீழேயிருந்து மேலே வரவில்லை, எங்களிடமிருந்துதான் கீழே போயிருக்கிறது என்பது எங்களுக்குப் போதுமான அளவுக்குத் தெரிந்தது.

மற்ற நாடுகளிலும் இப்படித்தான்

தடம் பார்ப்பது ஏதோ நான் கண்டுபிடித்த வித்தை அல்ல. 1995-இல் நெதர்லாந்தில் உருளைக்கிழங்கில் இந்த நோய் பெரிதாக வந்தது. தேடிப் போனால் அது ஆற்றுத் தண்ணீரில் இருந்தது! ஆற்றோரத்தில் வளரும் ஒரு களைச்செடி, நம் மணத்தக்காளிக்குச் சொந்தக்காரச் செடி, கிருமியைத் தன் வேரில் வைத்துக்கொண்டு தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தது. கிருமி கலந்த நீரை உருளைக்கிழங்குக்குப் பாய்ச்சக் கூடாது என்று தடை போட்டார்கள்.

2020-இல் அமெரிக்காவில் ஜெரானியம் என்ற பூச்செடியில் இதே கிருமியின் ஒரு வகை தென்பட்டது. செடி எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போய், அது குவாத்தமாலா நாட்டிலிருந்து இறக்குமதியானது என்று கண்டுபிடித்தார்கள். பிறகு அந்தச் சரக்கு எந்த எந்த நர்சரிக்குப் போனது என்று முன்னோக்கிப் போய், நூற்றுக்கணக்கான நர்சரிகளில் செடிகளை அழித்தார்கள். எப்படி முடிந்தது? யாரிடம் வாங்கினோம், யாரிடம் விற்றோம் என்ற கணக்கு எழுத்தில் இருந்தது. நாம் நாற்று வாங்கும்போது பில்லைக் கேட்டு வாங்கி வைக்கிறோமா?

என்ன செய்யலாம்? எது பயனில்லை?

முதலில் கசப்பான உண்மை. வாடிவிட்ட செடியைப் பிழைக்க வைக்க மருந்து கிடையாது. பூஞ்சாணக்கொல்லி பாக்டீரியாவைக் கொல்லாது. எனவே பணத்தை மருந்துக்குச் செலவழிக்காமல் வழியை மறிக்க வேண்டும்.

உடனே செய்ய வேண்டியவை: வாடிய செடியை வேர் மண்ணோடு தோண்டி, சாக்கில் போட்டு, வாய்க்காலுக்கு எட்டாத மேட்டில் கொண்டுபோய் எரிக்க வேண்டும். குழிக்கு பிளீச்சிங் பவுடர் இடலாம். நோய்ப் பாரில் பாய்கிற தண்ணீர் நல்ல பாருக்குப் போகாமல் மண் அணைத்துத் திருப்ப வேண்டும். களைவெட்டு எப்போதும் நல்ல பக்கத்தில் ஆரம்பித்து நோய்ப் பக்கத்தில் முடிய வேண்டும். மண்வெட்டி, களைக்கொத்து, செருப்பு எல்லாவற்றையும் மண் போகக் கழுவ வேண்டும்.

அடுத்த பயிருக்கு: கத்தரி, தக்காளி, மிளகாய் என்று மாற்றி மாற்றிப் போடுவது பயிர் சுழற்சியே அல்ல. அது ஒரே வீட்டில் அறை மாறுவது. நெல், சோளம், மக்காச்சோளம் போன்ற வேறு குடும்பத்துப் பயிர்களை இரண்டு மூன்று வருடமாவது போட வேண்டும். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் நம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைகிறது என்று பெருமையாகச் சொல்கிறோம். வயல் உள்ளவர்களுக்கு நெல்லே ஒரு நல்ல மாற்றுப் பயிர். வரப்பில் முளைக்கும் மணத்தக்காளியையும் சும்மா விடக் கூடாது. அதுவும் இந்தக் கிருமிக்கு வீடுதான்.

ரகங்கள்: நம் பெரியகுளத்தில் 1978-இல் வெளியிட்ட பி.கே.எம்.1 தக்காளி, தேனி பக்கத்து அன்னஞ்சி ஊரின் பெயர் கொண்ட நாட்டு ரகத்திலிருந்து உருவானது. நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் அது வாடல் நோயை எதிர்ப்பதற்காக உருவாக்கிய ரகம் அல்ல. மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் ஈரமும் புளிப்பு மண்ணும் அதிகம் என்பதால் இந்த நோயும் அதிகம். எனவே கேரள வேளாண் பல்கலைக்கழகம் சக்தி, முக்தி, அனகா என்ற தக்காளி ரகங்களையும் சூர்யா, ஸ்வேதா, ஹரிதா என்ற கத்தரி ரகங்களையும் இதற்கென்றே தந்திருக்கிறது. பெங்களூர் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் தக்காளிக்கும் எதிர்ப்பு உண்டு.

ஒட்டு நாற்று: இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். மலையடிவாரத்தில் தானாக முளைத்துக் கிடக்கும் சுண்டைக்காய்ச் செடியின் வேர் இந்தக் கிருமியையும் நூற்புழுவையும் நன்றாகத் தாங்கும். அந்தச் சுண்டை வேரின் மேல் கத்தரிக் குருத்தை ஒட்டுக் கட்டினால், கீழே சுண்டை, மேலே கத்தரி! வத்தல் போடுவதற்கு மட்டும்தான் சுண்டை என்று நினைத்திருந்தோம்.

நாற்றங்கால்: சூடோமோனாஸ் ஃப்ளோரசன்ஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாத் தூளை ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் கலக்கலாம். நாற்றின் வேரையும் அதில் நனைத்து நடலாம். இது முன்கூட்டியே போடும் காவல். திருடன் உள்ளே வந்த பிறகு பூட்டுப் போட்டுப் பயனில்லை. முடிந்தவர்கள் சொட்டுநீருக்கு மாறினால் ஒரு செடியின் தண்ணீர் அடுத்த செடிக்கு ஓடுவது குறையும்.

கடைசியாக

எங்கள் காட்டில் பாதி போயிற்று. மேட்டுப் பக்கம் 12 பார்களைக் காப்பாற்றினோம். அந்தத் தக்காளி தேனி உழவர் சந்தைக்குப் போனது. ஃபீஸுக்கு அது போதவில்லை. அம்மாவின் தோடு அடகுக்கடையில் இருக்கிறது. இப்போது காட்டில் மக்காச்சோளம் நிற்கிறது.

பிளான் போட்ட அன்று ராத்திரி அப்பா ரொம்ப நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எழுத்து தெரியாது. ஆனால் புள்ளி தெரிந்தது, அம்புக்குறி தெரிந்தது. மறுநாள் காலையில் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கீழ்க்காட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். "அண்ணே, எங்காட்டுத் தண்ணிதான் ஒங்க காட்டுக்கு எறங்கியிருக்கு. இன்னைக்கே அடைச்சுர்றேன். நீங்க மொளகாய்க்கு மருந்து வாங்கிக் காசக் கரியாக்காதீங்க" என்றார். பெரியப்பா முதலில் ஒன்றும் பேசவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "அந்த டம்ளர் சோதனையாமே, எங்க, இங்க ஒரு செடியில செஞ்சு காட்டு தாயி" என்றார். அன்று அந்தக் களத்துமேட்டில் மூன்றாவது டம்ளர் வைத்தோம். இப்போது மடையை இரண்டு வீடும் பேசி வைத்துத்தான் திறக்கிறோம்.

நண்பர்களே! நாம் எல்லோரும் வேளாண்மை படிக்கவில்லை. ஆனால் நம் வீட்டில் ஒரு பாக்கெட்டைப் படித்துச் சொல்லும் ஆள் நாம்தான். எனவே மூன்றே மூன்று விஷயங்களை மனதில் வைப்போம். மருந்து வாங்கும் முன் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துப் பார்ப்போம். வாடிய செடியை எங்கே, எந்தத் தேதியில் என்று ஒரு தாளில் குறிப்போம். தெரிந்ததைக் கீழ்க்காட்டுக்காரரிடமும் சொல்வோம். தண்ணீர் வரப்பு பார்த்து நிற்பதில்லை. நோயும் நிற்பதில்லை.